செல்வி இருந்த இடம்

செல்வியைக் காட்டிக்கொடுத்தது எங்கள் மகளிர் குழுத் தலைவியா, நானா? எனக்கு இன்றும் விடை தெரியவில்லை.

பந்தல்குடியில் என் பக்கத்து வீட்டுக்காரி செல்வி. கணவன் அடித்ததில் கை வீங்கிப்போய், திருச்சுழியில் ஒரு தோழி வீட்டில் ஒளிந்திருந்தாள். அந்த இடத்தை என்னிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

குழுத் தலைவி என் வீட்டுக்கு வந்தார். "பத்துப் பொம்பளைக அவளுக்குத் தொணையா நிப்போம் தாயி. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு" என்றார். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

மறுநாள் குழுவில் பத்துப் பேர் வேனில் திருச்சுழிக்குப் போனார்கள். சாயங்காலம் திரும்பியபோது முன்சீட்டிலிருந்து அவள் கணவன் இறங்கினான். பின்னால் தலை நிறைய மல்லிகைப்பூவோடு செல்வி.

"சேத்து வச்சுட்டோம்ல!" என்று தலைவி சிரித்தார். "குடும்பம்னா நாலு அடி விழத்தான் செய்யும்."

செல்வி என்னிடம், "உங்ககிட்ட மட்டுந்தானக்கா சொன்னேன்" என்றாள்.

பத்துப் பேர் போனது அவள் மறுக்க முடியாதபடி சூழ்ந்து நிற்பதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது அவள் கதவு சாத்தியே கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது. இனி அவளைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்றிருக்கிறேன். ஆனால் அவனுக்குத் தெரியாமல் அவளை எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.