திராட்சைப் பந்தலில் பவானியின் சத்தம்

அனுமந்தன்பட்டி ஈஸ்வரபாண்டிக்குச் சம்பளம் தருவது ஜாவாஸ்கிரிப்ட். வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர்க் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவன். அப்பா விட்டுப்போன திராட்சைப் பந்தல் பெயருக்குத்தான் அவனுடையது. கட்டி ஆண்டவள் மனைவி பவானி. பழம் நிறம் வைத்ததும் மைனாக்கள் வந்து இறங்கும். "ஏய்... ஓ..." என்று அவள் ஒரு சத்தம் கொடுத்து மண்ணாங்கட்டியோடு ஓடினால், பக்கத்துத் தோட்டத்து மைனாவும் சேர்ந்து பறக்கும்.

ஒருமுறை அவளுக்குத் தொண்டை கட்டியது. ஆறியதும் அவள் சத்தத்தைப் பதிவு செய்து, வெறும் எண்களாகவே ஸ்பீக்கருக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றை ஈஸ்வரபாண்டி எழுதினான். அப்படி அனுப்பினால் எந்த வேகத்தில் பாடவேண்டும் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். முதல் தடவை வேகத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் பவானி சின்னப் பிள்ளையாகக் கீச்சிட்டாள். அதைக் கேட்டு அவளே அன்றைக்கெல்லாம் சிரித்தாள். பிறகு சரியாயிற்று. மோட்டார் அறையில் கம்ப்யூட்டர், பந்தலுக்கு மேலே குழாய் ஸ்பீக்கர். அது கத்தும், அவள் கட்டியை எறிவாள்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. கருமாதி முடியாமல் தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். யாரும் போகவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தவேண்டும் என்ற நினைப்பும் யாருக்கும் வரவில்லை. ஆளில்லாத பந்தலில் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. மைனா என்ன முட்டாளா? சத்தத்துக்குப் பின்னால் கட்டி வராது என்று கண்டுகொண்டது.

கருமாதி கழித்துப் போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் மேலேயே ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. மற்ற மைனாக்கள் கீழே குலை குலையாகக் கொத்திப் போட்டிருந்தன.

"வெடிச் சத்தத்தப் போடுப்பா" என்றார் பக்கத்துத் தோட்டத்துத் தங்கபாண்டி.

புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். ஈஸ்வரபாண்டிக்குக் கை வரவில்லை. பழம் போனால் போகட்டும் என்றிருந்தான். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதோடு பவானியின் அம்மா மாயக்காள் வேறு தினமும் காலையில் வந்து ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறாள். பெற்றவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி நிறுத்துவது?

ஒருநாள் அவளுக்குக் காப்பி கொண்டுபோனான்.

"இத நிறுத்திருங்க மாப்ள" என்றாள் மாயக்காள்.

அவனுக்குப் புரியவில்லை. "இதக் கேக்கத்தான அத்தை இங்கன வர்றீக?"

"கேக்கவா?" அவள் காப்பியைக் கீழே வைத்தாள். "எம்மக தொண்ட வலிக்கக் கத்திக்கிட்டு இருக்கா. ஒரு குருவி மதிக்க மாட்டேங்குது. ஏன்னு கேக்க நாதியில்லாம ஒத்தையில கெடக்காளேன்னு தொணைக்கு வந்து உக்காந்திருக்கேன். போதும் மாப்ள. அவளச் சும்மா இருக்கச் சொல்லுங்க."

ஈஸ்வரபாண்டி மோட்டார் அறைக்குப் போய் நிறுத்தினான். மைனாக்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. சுடுகாட்டில் அழாதவன், அந்த அறையில் உட்கார்ந்து அழுதான்.