அண்ணன் வீடு இல்லாத வரைபடம்

அந்த மென்பொருளை எழுதியவன் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் போதும், ஓடாது. ஏன் ஓடவில்லை என்றும் சொல்லாது. வடசேரி வாடகை வீட்டில் உட்கார்ந்து ஒரு வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன்.

வேலை இதுதான். மணவாளக்குறிச்சியைத் தாண்டி, நான் பிறந்த ஊரின் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. அங்கே தூண்டில் வளைவு போட வேண்டும். அதாவது கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் நீட்ட வேண்டும். சுவரின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்தைக் கடல் தின்னும். எங்கே போட்டால் சேதம் குறையும் என்று எங்கள் நிறுவனம் சொல்ல வேண்டும். கடலைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு நிரல் உண்டு. அதை இந்த மென்பொருள் நூற்றுக்கணக்கான தடவை ஓட்டும். ஒவ்வொரு தடவையும் அலையின் உயரத்தை, மணலின் பருமனை, சுவரின் இடத்தைக் கொஞ்சம் மாற்றும். ஒரே மீன்குழம்பை நூறு சட்டியில் வைத்துப் புளியையும் உப்பையும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது மாதிரி. கடைசியில் எது சிறந்த விடை, அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும்.

அந்தக் கரையில்தான் அண்ணன் வீடு. வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். தினமும் போன்.

"ஏட்டி, எனக்க வீடு நிக்குமா, போவுமா? ஒத்த வார்த்தை சொல்லு."

"அப்பிடிச் சொல்ல முடியாதண்ணா. இதுல இருந்து இது வரைன்னுதான் வரும்."

"இதுக்கா உன்னைய இவ்வளவு படிக்க வச்சோம்?"

மேனேஜரும் அதே பாட்டுத்தான். "ரேஞ்ச் எல்லாம் வேண்டாம்மா, ஒரு நம்பர் குடுங்க." இரண்டு பேருக்கும் நடுவில் எனக்குத் தலை வெடித்தது.

வியாழக்கிழமை விடை வந்தது. அலையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அசையாமல் சுவருக்கு ஒரே இடத்தைக் காட்டியது. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை அறிக்கை போக வேண்டும். நல்லபடியாக வந்திருக்கிறது என்று அண்ணனுக்கும் சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் ஒரு பை நெத்திலியோடு வந்து நின்றான். பெருமையாகப் படத்தைத் திறந்தேன். பச்சை, மணல் சேரும் இடம். சிவப்பு, கடல் தின்னும் இடம்.

"இதுல எனக்க வீடு எங்கட்டி?"

காட்டுவதற்கு நீட்டிய விரல் சிவப்புக்குள் போய் நின்றது. அங்கே வீடே இல்லை. வெறும் மணல், நாலு தென்னை. அண்ணன் வீடு கட்டும் முன்பு செயற்கைக்கோள் எடுத்த படம் அது. அதைப் பார்த்துத்தான் எங்கெங்கே வீடு என்று மென்பொருளுக்குக் குறித்துக் கொடுத்திருந்தேன். சேதம் குறைய வேண்டும் என்று கேட்டேன். வீடில்லாத இடமாகப் பார்த்து மென்பொருள் கடலைத் திருப்பி விட்டிருக்கிறது. ஆயிரம் தடவை ஓட்டினாலும் அதைத்தானே சொல்லும்!

அலையையும் மணலையும் சந்தேகப்பட்டவளுக்குப் படத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. இந்த லட்சணத்தில் காற்புள்ளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"போன ஞாயிறு அந்த வீட்டுல இருந்துதானட்டி சோறு தின்ன?" என்றான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"வீட்டைச் சேத்து, திருப்பி ஓட்டுறேண்ணா."

"எனக்க வீட்டை மட்டுமா?" விரலை மடக்க ஆரம்பித்தான். "எனக்கு மேக்க மச்சானுக்க வீடு. அவனுக்க மாமியா வீடு. பின்ன, வலை வைக்கிற கொட்டகை பக்கத்துல மூணு..." இரண்டு கையும் தீர்ந்துவிட்டது. மறுபடியும் முதல் விரலுக்கு வந்தான்.

நடுவில் மேனேஜரின் போன். விடை தப்பு, அறிக்கை நாளைக்கு வராது என்றேன். "ஐயோ, அதுதானம்மா நல்லா இருந்துச்சு!" என்றார் மனிதர்.

போனை வைத்ததும் மறுபடி படத்தைப் பெரிதாக்கப் போனேன். அண்ணன் லேப்டாப்பை மூடினான்.

"எழும்புட்டி. வந்து உனக்க கண்ணால எண்ணு."