சிங்கப் பதக்கம் துடைத்தவள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் தரை துடைக்கிறேன். அங்கே என் வயதுடைய தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தி, மண்ணிலிருந்து எடுத்த பழங்காலக் குதிரைச் சேணப் பதக்கங்களைத் துடைப்பாள். நானும் யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவள்தான். அவளுடைய வெள்ளை மேலங்கியைக் கண்டாலே எனக்கு எரியும்.

ஒருநாள் பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து அவள் மெதுவாகத் தேய்க்க, அழுக்கிலிருந்து பொன்முலாம் பூசிய சிங்கம் ஒன்று தெரிந்தது.

"எச்சிலாலயோ துடைக்கிறீங்கள்?"

"ஆமாக்கா, பொருளுக்கு வலிக்காம அழுக்கு போகும். நீங்களும் செஞ்சு பாக்குறீங்களா?" புதுக் குச்சியொன்றை நீட்டினாள்.

"ஐயோ, வேண்டாம். பிள்ளையைக் கூட்டிவரப் போகவேணும்."

பள்ளி விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அன்று மகளின் கன்னத்துச் சாக்லேட்டை எச்சில் தொட்டுத் துடைக்கும்போது யோசித்தேன்: அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்திருந்தால், தரை துடைப்பவளிடம் குச்சியை நீட்டியிருப்பேனா? அவளுடைய அந்த மனசின் மேலுள்ள பொறாமைதான் இன்னும் போகவில்லை.