மயினி வாசித்துச் சொன்ன நாவல்

விழித்திரை ஆபரேஷன் முடிந்ததும் வாரக்கணக்கில் குப்புறப் படுக்கச் சொன்னார் டாக்டர். போன், புத்தகம் எதையும் தொடக்கூடாது. கொல்லயில் என்ற ஊரில் அண்ணன் வீட்டில் கிடந்தேன்.

மயினி பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவர். அப்போது விடுமுறை. அண்ணனைக் கட்டி இத்தனை வருஷமாகியும், ‘சாப்பிட்டாச்சா’, ‘வாறேன்’ என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நான் படுக்கையில் படும் பாட்டைப் பார்த்து, வேலைக்குப் போகும் ரயிலில் நான் பாதி படித்து வைத்திருந்த ஆங்கில நாவலை எடுத்துக்கொண்டு, தமிழில் வாசித்துச் சொல்லத் தரையில் வந்து உட்கார்ந்தார்.

பழைய இங்கிலாந்தில் நடக்கும் கதை. பிரபுக்கள், நடன விருந்துகள். நாயகிக்குக் காற்றைத் திருப்பும் மந்திரம் தெரியும். பெண்கள் மந்திரம் செய்யக்கூடாது என்பதால் எப்போதும் கையுறைக்குள் கையை ஒளித்து வைத்திருப்பாள்.

“இவன் யாரு?”

“டியூக், மயினி.”

“ஓ, பெரிய குடும்பத்துத் தறவாட்டுக்காரனாக்கும்.”

அதற்கப்புறம் அந்த டியூக் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசினான். “நான் கப்பலுக்குப் போயிட்டு வாறேன், நீ கண்ணீர் விட்டுக் கரையாதே” என்று அவன் விடைபெற்றபோது தலையணைக்குள் முகம் புதைத்துச் சிரித்தேன்.

“மயினி, அவனுக்கு இவமேல இஷ்டம் உண்டா?”

“உண்டு மக்கா. வாயத் தொறந்து சொல்லத்தான் தைரியம் இல்ல.”

கடைசியில் கடல் பொங்கி வந்தது. நாயகி எல்லார் முன்னிலையிலும் கையுறையைக் கழற்றி வீசி, கையை உயர்த்தினாள். காற்று திரும்பியது, கடல் பின்வாங்கியது. கரையில் ஒரு வீடுகூட விழவில்லை. மயினி புத்தகத்தை மூடி வைத்தார்.

பார்வை தெளிந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும், அந்தக் கடைசிப் பகுதியை நானே படிக்க ஆசைப்பட்டு நாவலை எடுத்தேன். அதில் நாயகி தாமதமாகத்தான் வந்து சேர்கிறாள். கரையோர வீடுகளையெல்லாம் கடல் கொண்டுபோய்விடுகிறது.

சாயங்காலம் அண்ணன் வீட்டு அடுக்களையில் போய், ஏன் மாற்றிச் சொன்னார் என்று கேட்டேன். மயினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“பொழியூர்ல எங்க வீட்டக் கடல் எடுத்தப்ப ஒருத்தியும் வந்து கைய உசத்தல்ல மக்கா. கதையிலயாவது வீடு நிக்கட்டும்னு நெனச்சேன். நீயும் அந்தக் கண்ண வச்சிட்டு அழக்கூடாதில்லியா.”

மயினியின் வீடு கடலில் போனது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் வாய்திறந்து சொன்னது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த வீடு எப்படி இருந்துச்சு மயினி?” என்றேன்.

துருவுவதை நிறுத்திவிட்டு, அந்த வீட்டின் வாசலில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.