பங்களாத் தொட்டிகளுக்கு வௌவால் எரு

வௌவால் எருவுக்கு இரண்டு வாசனை உண்டு. புதிதாக விழுந்தது மூக்கில் ஏறிய உடனே கண்ணில் தண்ணீரை வரவழைக்கும், தொண்டையைப் பிடிக்கும், அன்று முழுக்கச் சோறு இறங்காது. குகையின் உள்பக்கத்தில் வருஷக்கணக்காகக் கிடந்து மக்கிப் பொடியானதற்கோ வெறும் மண் வாசனைதான். கையில் அள்ளினால் காப்பித்தூள் போல உதிரும், வெயிலில் காட்டினால் வண்டுச் சிறகின் துணுக்குகள் மினுங்கும். பழையது செடியை வளர்க்கும், புதியது வேரைச் சுட்டுவிடும். இன்றைக்குப் பூந்தொட்டிக்கு உரம் என்று இதைப் பையில் போட்டு விற்கிறார்களாம். நன்றாக விற்கட்டும். எனக்கு அந்தப் பையைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போவுக்குத் தெற்கே சுண்ணாம்புக் கல் மலைகளின் அடியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்து வீடு ஒன்றில் நானும் அப்பாவும் அம்மாவும் இருந்தோம். அம்மா 'கித்தா' என்கிற ரப்பர் மரம் சீவினாள். அப்பா வடிகால் வெட்டும்போது மண்வெட்டி காலில் விழுந்து இரண்டு விரல் போய், புண் ஆறாமல், சுமை தூக்க முடியாத ஆளாகிவிட்டார். அப்படிப்பட்டவர்களின் பெயரைச் செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் அங்கே வழக்கம். அதற்குப் 'பேர் வெட்டுறது' என்று பெயர். ஆம்பிளைக்குப் பேர் வெட்டினால் லயத்து வீடும் போய்விடும். என்ன தோன்றியதோ, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இவரைப் பங்களாவில் பூந்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தொட்டிகள் பிழைத்தால் நாங்கள் பிழைப்போம், அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் தொட்டிகள் துரையின் மனைவி துரைசாணிக்கு உயிர். பிள்ளை இல்லாத அந்த அம்மாள் பங்களா வராந்தாவைச் சுற்றி ரோஜாவாக வைத்திருந்தாள். குளிர் தேசத்து ரோஜா நம் வெக்கைக்கு எங்கே வரும்? இலை மஞ்சளித்து, மொட்டு விரியாமலே கருகி உதிர்ந்தது. அப்பா மாட்டுச்சாணம் வைத்துப் பார்த்தார், சாம்பல் வைத்துப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் மலையடியில் காய்கறி போட்டிருந்த ஒரு சீனக் கிழவர்தான் குகையைக் காட்டிக்கொடுத்தார். அவர் பேசிய மலாயும் அப்பா பேசிய மலாயும் அரைகுறை என்றாலும், 'லாமா' என்றால் பழையது, 'பாரு' என்றால் புதியது என்பது தோட்டத்தில் யாருக்கும் தெரியும். பழையதைத்தான் போட வேண்டும், அது குகையின் கோடியில் இருக்கிறது, புதியதைத் தொடவே கூடாது என்று கிழவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்தக் காலோடு அப்பாவால் மலை ஏறிக் குனிந்து உள்ளே போக முடியாது. அம்மா போனாள். காலையில் மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு, மதியத்துக்கு மேல் ஒரு சாக்கும் தகர விளக்குமாகக் கிளம்புவாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வாள். என்னைக் குகை வாசலைத் தாண்ட விடமாட்டாள். உள்ளே போகப் போக விளக்கு சின்னதாகி மறைந்துவிடும். பிறகு அவள் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். வெளியே வரும்போது தலைமுடி, இமை, கழுத்து மடிப்பு எல்லாம் அந்தப் பொடி அப்பியிருக்கும். ஓடையில் குளித்துவிட்டுத்தான் லயத்துக்கு வருவோம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, 'வௌவாப் பொண்டாட்டி வாரா' என்று சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இரண்டு மாதத்தில் ரோஜாச் செடிகள் தளதளவென்று எழுந்துவிட்டன. ஈப்போவிலிருந்து வந்த வேறு துரைசாணிகள் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம். அவர்களுக்கும் எரு வேண்டுமாம். ஆக, வாரம் ஒருமுறை போன அம்மா மூன்று முறை போனாள். அதோடு இருமலும் வந்தது. முதலில் சாதாரண இருமல்தான். பிறகு சாயங்காலமானால் காய்ச்சல், படுத்தால் மூச்சு இழுப்பு. குகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் எனக்குச் சுரண்டுகிற சத்தத்தைவிட இருமல் சத்தமே அதிகமாகக் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால்தான் உள்ளே அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதி, சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மலைக்காய்ச்சல் என்று கொய்னா மாத்திரை கொடுத்து அனுப்பினார். எல்லாருக்கும் அதைத்தான் கொடுத்தார்.

அம்மா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாத ஒரு நாள், அப்பா சாக்கை எடுத்துக்கொண்டு போனார். அவரால் ஏற முடிந்தது குகை வாசல் வரைக்கும்தான். அங்கே வௌவால்கள் தொங்கிய இடத்துக்கு நேர் கீழே ஈரமாகக் குவிந்து கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சீனக் கிழவர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அப்பாவின் ஊர் ராமநாதபுரம் பக்கம், ஆட்டுக் கிடை போடுகிற குடும்பம். அறுத்த வயலில் ராத்திரி ஆட்டை அடைத்துவிட்டு, புழுக்கையின் ஈரம் காயும் முன்னே உழுகிறவர்கள். எங்க ஊரில் புதுசுக்குத்தான் மதிப்பு, காய்கறிக்காரனுக்குக் கிடையைப் பற்றி என்ன தெரியும் என்று லயமே கேட்கும்படி பெருமை பேசினார். மறுநாள் எல்லாத் தொட்டிக்கும் அதையே கைநிறைய வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீயில் வாட்டின மாதிரி சுருண்டுவிட்டது. துரைசாணி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாளாம். துரை அப்பாவைக் கூப்பிட்டு, மாதக் கடைசியில் பங்களாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் செடிகள் தேறாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிடு என்று கணக்கு எழுதுகிற கிராணி மூலமாகச் சொல்லிவிட்டார். அப்பா மறுபடியும் சீனக் கிழவரிடம் ஓடினார். பாவம், அவர் நல்ல மனிதர், ஏசவில்லை. மண்ணைக் கொட்டி, வேரை அலசி, பழைய எருவும் புது மண்ணும் கலந்து திரும்ப நட்டால் பாதி பிழைக்கும் என்றார். பழைய எருவுக்கு எங்கே போவது? எங்களிடம் ஒரு பிடி கூட இல்லை. கிழவர் தன்னிடம் இருந்ததை எல்லாம் முந்தின வாரமே பாத்திகளில் போட்டு முடித்திருந்தார்.

அப்பா அம்மாவிடம், நீ போக வேண்டாம் என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"பேர வெட்டிட்டா இந்தக் காலோட எங்க போய் நிப்பீங்க? நகருங்க, நான் போயிட்டு வாரேன்."

அவர் வாசலை விட்டு நகர்ந்து நின்றார். தொடர்ந்து மூன்று நாள் போனாள். மூன்றாம் நாள் சாக்கை அவள் தூக்கவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் வழியில் பத்தடிக்கு ஒருதரம் குந்திக் குந்தி வந்தாள். அன்றைக்கு ஓடையில் குளிக்கவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில், ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குத் தட்டுகிற தண்டவாளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது இறந்துபோனாள். டிரஸ்ஸர் மலைக்காய்ச்சல் என்றே எழுதிக்கொண்டார்.

செடிகள் பிழைத்துவிட்டன. ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பிழைத்துவிட்டன. கருகாமல் நின்ற கிளைகளில் இருந்த ரோஜாக்களை வெட்டி, துரைசாணி சமையல்காரனிடம் கொடுத்தனுப்பினாள். நல்ல மனசோடுதான் அனுப்பினாள், அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டார். லயத்தில் வேறு பூ கிடையாது, அதைத்தான் அம்மா மேல் போட்டோம்.

அதற்குப் பிறகு அப்பா பல வருஷம் அந்தத் தொட்டிகளுக்கு முன்னால்தான் குந்தியிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வரும். ஊர்ப் பெருமை பேசி அம்மாவை அநியாயமாகக் கொன்றுவிட்டாரே, கோடிவரை போகச் சோம்பல்பட்டு வாசலில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாரே என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே வளர்ந்தேன். கல்யாணமாகி ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். சோறு போட்டேன், துணி துவைத்தேன், முகம் கொடுத்து மட்டும் பேசவில்லை. அவரும் கேட்டதில்லை.

கடைசிக் காலத்தில், ஒரு மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே வாயைத் திறந்தார்.

"அந்தக் கிழவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சும்மா. ஆட்டுப் புழுக்கை மாதிரி தாங்கிடும்னு நம்பினேன். நம்பாட்டி அவ மறுபடியும் உள்ள போவாளே."

நான் தலையை நிமிர்த்தாமல், சரி, தூங்குங்க என்றேன். அதுதான் நான் சொன்னது. முப்பது வருஷத்துக் கோபம் ஒரு நொடியில் இறங்குமா என்ன? நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த வாரத்திலேயே அவர் போய்விட்டார்.

போன மாதம் பஸ் பிடித்து அந்தப் பக்கம் போனேன். தோட்டம் இல்லை. லயம் இல்லை, பங்களா இல்லை. குகை இருந்த மலையைப் பாதிக்கு மேல் வெடிவைத்துச் சிமெண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பார்க்கப் போனது அதையெல்லாம் இல்லை, தோட்டத்து இடுகாட்டை. மண்மேடும் ஒரு கல்லுமாக அம்மா கிடந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். அப்பா சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். எந்த வீட்டு வாசலில் நின்று சொல்வது என்று தெரியவில்லை. வெயில் ஏறும்வரை ரோட்டில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.