பின் ஆசனத்தின் முறைப்பாடுகள்

மே 6: ஒரு கோடியே எண்பத்து நான்கு இலட்சம் ரூபாய். வாகனம் வந்தது.
மே 19: பின்கதவுச் சத்தம். கட்டணம் இல்லை.
ஜூன் 3: பின் ஆசனக் குளிர்காற்று. கட்டணம் இல்லை.
ஜூன் 24: உள்ளே பசை மணம். நாலாயிரத்து ஐந்நூறு.
ஜூலை 15: பின் ஆசனம், இடது பக்கம். கட்டணம் பேசப்படவில்லை.

வெயில் சாய்ந்ததும் மக்டலின் மிசி வாகனத்தின் பின்கதவைத் திறந்து, இடது பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்வார். முதுகை நன்றாகச் சாய்த்து, உள்ளங்கையைத் தொடைக்கடியில் கொடுத்துப் பார்ப்பார். பிறகு இடுப்புக்கும் ஆசனத்துக்கும் நடுவில். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரித் தாதியாகப் பெண்கள் வாட்டில் நோயாளிகளின் மெத்தையைத் தடவிப் பார்த்த கை அது. எங்கே அழுத்துகிறது, எங்கே வேர்க்கிறது என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்ளும். பிறகு நடு ஆசனத்துக்கு நகர்வார். அங்கே ஏழு வயதுப் பையனின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, முன்னால் வீதி தெரிகிறதா என்று பார்ப்பார். வலது பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். அது வாகனத்தில் ஏறினால் சத்தி எடுக்கும் பிள்ளையின் இடம்.

இடது பக்கம் மருமகள் ஜூலி. நடுவில் பேரன், வலதில் பேத்தி. முன்னால் மகன் சுஜீவன். நான்கு பேரும் லண்டனில் இருக்கிறார்கள். இந்த வாகனத்தை ஒருவரும் கண்டதில்லை. இப்படியொன்று வாங்கியிருப்பதாகவும் அவர்களுக்குத் தெரியாது.

ஆறு வருடங்களுக்கு முன்னர் அவர்கள் ஒரு மாதம் நிற்பதாகச் சொல்லி வந்தார்கள். வாடகை வேனில் மாங்கேணிக்குப் போய்த் திரும்பிய அன்று ஜூலிக்கு நாரி பிடித்துக்கொண்டது, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. ஒன்பதாம் நாள் எல்லோரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். வாசல் படலையடியில் நின்று மகன் சொன்னது ஒன்றுதான்: “நல்ல வாகனம் ஒண்டு இல்லாம இஞ்ச நிக்கேலாதம்மா.” வேறொருவர் என்றால் அதைப் போகிற போக்கில் சொன்ன சமாதானமாக எடுத்திருப்பார். மிசியோ நோவை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அதற்கு மருந்து தேடியே பழகியவர். வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியதும், கணவர் விட்டுப்போன மாங்கேணித் தென்னங்காணியை விற்றார். கல்லடியில் தன் வீட்டு முற்றத்தில் உயரமான, வெள்ளை நிற ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஓட்டம் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் ஓட்டிக்கொண்டே பின்னால் உட்கார முடியாது. அதனால் சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் அல்பேட்டைக் கூப்பிடுவார். மண்முனைப் பாலம் தாண்டி, படுவான்கரையில் வயல் வட்டைகளுக்கு நடுவே போகும் கிறவல் வீதியில் அல்பேட் வாகனத்தை ஓட்ட, மிசி பின்னால் இருப்பார். கொஞ்சத் தூரம் போனதும் நிறுத்தச் சொல்லி அடுத்த இடத்துக்கு மாறுவார். “ஆள் மாறியாச்சா மிசி, எடுக்கட்டா?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பான் அல்பேட். மிசி ஜீப் வாங்கினது ஓட இல்லை, குந்தத்தான் என்று சந்தியில் அவன் சொல்லித் திரிந்தது மிசியின் காதுக்கும் எட்டியது. அடுத்த முறை கூலி கொடுக்கும்போது, அவன் ஓட்டோவின் பின்சீற்றில் ஒரு நாளாவது குந்திப் பார்த்திருக்கிறானா என்று மட்டும் கேட்டார்.

கம்பனியின் சேர்விஸ் நிலையத்தில் அவருடைய முறைப்பாடுகளை எடுப்பவர் பஹ்மி. காத்தான்குடிக்காரர், பொறுமைசாலி. ஜூலிக்கு நாரி பிடிக்கிறது, பேத்திக்குப் பசை மணம் தலையைச் சுற்றுகிறது என்று மிசி சொல்லச் சொல்ல, வீடு நிறைய ஆட்கள் இருப்பதாகவே அவர் நினைத்திருந்தார். இடது பக்க ஆசனத்தைப் பார்க்க ஜூலையில் வீட்டுக்கே வந்தார்.

“அந்த நாரி நோக்கார அக்காவ ஒருக்காக் கூப்பிடுங்க மிசி. அவங்கள இரிக்கவச்சிப் பாத்தாத்தான் கொழும்புக்கு எழுதலாம்.”

“அவ லண்டன்ல.”

“அப்ப ஆரு இதுல இரிந்து நொந்த?”

“நான்தான் மனே. அவட இடத்தில இரிந்து பாத்தன்.”

பஹ்மி வீட்டுப் பக்கம் பார்த்தார். விறாந்தையில் ஒரு சோடிச் செருப்புத்தான் கிடந்தது.

“எப்ப வாறாங்க?”

“நீ இதச் சரிக்கட்டு. வருவாங்க.”

அதற்குப் பிறகு கொழும்புக்குப் போன கடிதங்களைப் பஹ்மியே எழுதினார். ஆசனத்தின் அமைப்பு வழமையானதுதான், குறை எதுவும் இல்லை என்று முதலில் பதில் வந்தது. பஹ்மி தயங்கித் தயங்கி அதை வாசித்துக் காட்டியபோது மிசிக்குச் சிரிப்பு வந்தது. “டொக்டர்மாரும் இதத்தான் சொல்லுவாங்க மனே, நோமல் எண்டு. படுத்துக் கிடக்கிறவளுக்குத்தானே தெரியும்.” இரண்டாவது பதிலும் அப்படியே. மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. செப்டெம்பர் கடைசியில் பொலித்தீன் சுற்றிய புதிய பின் ஆசனமே கொழும்பிலிருந்து வந்து இறங்கியது.

அன்று பின்னேரம் அல்பேட் ஓட்டினான். கிறவல் வீதியில் மூன்று இடங்களிலும் மாறி மாறி இருந்துவிட்டு வந்தார் மிசி. கையில் ஒரு குறையும் தட்டுப்படவில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய பழைய கட்டுப்பாடு. வீட்டுக்கு வந்து மகனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாகனத்தைச் சுற்றி நடந்தார். கதவுகளைத் திறந்து, இது ஜூலிக்கு, இது சின்னவனுக்கு என்று காட்டினார்.

சுஜீவன் வடிவாயிருக்கிறது என்றான். என்ன விலை என்று கேட்டான். கேட்டுவிட்டு அதைப் பவுணில் கணக்குப் பார்த்தான். நத்தார் பண்டிகைக்கு வருவீர்களா என்று மிசி கேட்டார். ஜூலியின் அக்கா வீட்டுக்குப் போவதாக ஒழுங்கு, அடுத்த வருடமும் சொல்ல முடியாது, பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க வேண்டும் என்றான். பிறகு, அன்பாகத்தான், இதையும் சொன்னான்:

“இவ்வளவு காசு என்னத்துக்கம்மா? நாங்க வந்தா ஒரு வேனப் பிடிக்கலாம்தானே.”

“வேனிலதானே ஜூலிக்கு நாரி பிடிச்ச?”

“அப்பிடியா? எனக்கு ஞாபகமில்லம்மா.”

மிசி திறந்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஞாயிறு பூசைக்கு மட்டும் வாகனத்தை எடுத்தார். பின் ஆசனத்தில் ஏறவில்லை.

பஹ்மி மறுபடி வந்தபோது கையில் கம்பனியின் கடிதம் இருந்தது. எல்லா முறைப்பாடுகளும் தீர்க்கப்பட்டன, பூரண திருப்தி என்று உரிமையாளர் கையெழுத்திட்டால் முறைப்பாட்டுக் கோவை மூடப்படும், இனி இதுபற்றிக் கடிதம் எழுதப்படமாட்டாது என்றிருந்தது. மிசி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து அதை இரண்டு தரம் வாசித்தார். பஹ்மி பக்கத்து ஆசனத்தில் ஏறிப் பேனையை நீட்டினார். ஜூலி அக்கா ஆக்கள் எப்ப வாறாங்க என்று கேட்கத்தான் வாயெடுத்தார். மிசியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

மிசி கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தார்.

“கையெழுத்து வைக்கேலா மனே. இன்னுமொரு சத்தம் கேக்குது.”

“எங்கால மிசி?”

மிசி தலையைப் பின்பக்கமாகச் சாய்த்துக் காதுகொடுத்தார். இயந்திரம் இயங்கவில்லை. திறப்புக் கொத்து இன்னும் அவருடைய மடியில்தான் கிடந்தது. வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சற்றுப் பொறுத்துப் பஹ்மியும் பேனையைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, பின்னால் திரும்பிக் காதுகொடுத்தார். கம்பனியின் கடைசிக் கடிதம் வந்த அந்த நாள் 2025 ஒக்டோபர் 9, வியாழக்கிழமை.