அமாவாசையில் கிரிவலம்

என் கணவர் கடற்படை அதிகாரி. கப்பல் அலுத்துப்போய், அண்டார்டிகா போகும் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். இப்போது வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் 'துருவப் பயணி' என்று பலகை தொங்குகிறது. தூசி துடைப்பது நான்.

கடைசி முறை குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்க வேண்டியிருந்தது. கடல் உறைந்துவிட்டால் எட்டு மாதம் கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது. அதனால் கிளம்பும்முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் துக்கம் நடந்தால் தெரிவிக்கலாமா, வேண்டாமா? 'வேண்டாம்' என்பதில் அவரே டிக் போட்டார்.

"தெரிஞ்சு அங்க என்ன பண்ணப்போறேன்? நீயும் கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன்.

அவர் போன மூன்றாம் மாதம் மாமியார் இறந்துவிட்டார். மூத்த பிள்ளை பனியில் இருந்ததால், கீழ்பென்னாத்தூரிலிருந்து கொழுந்தனார் வந்து கொள்ளி வைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் காலையில் என் கணவர் அங்கிருந்து போன் செய்வார். வாசலில் பந்தல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"அம்மாகிட்ட குடு."

வாயில் வந்ததைச் சொன்னேன். "கிரிவலம் போயிருக்காங்க."

அப்புறம் ஐந்து மாதம், வாராவாரம் செத்தவரை மலை சுற்றவைத்தேன். கால் வலித்தால் வழியில் அடி அண்ணாமலையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்தேன்.

திரும்பி வந்தவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பயணத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசினார். "பெத்த தாய் போனதையே என் மனைவி மறைச்சுட்டா" என்பார். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

போன மாதம் பொறுக்க முடியாமல் பீரோவிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் போட்டேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இது எதுக்கு? நீ கிரிவலம்னு சொன்ன மொத ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும். அன்னிக்கு அமாவாசை. அப்பாவுக்குப் படையல் போடாம அம்மா வாசப்படி தாண்டுவாங்களா?"

"தெரிஞ்சுமா வாராவாரம் கேட்டீங்க?"

"நீ அப்படிச் சொல்ற வரைக்கும் அம்மா நடந்துட்டு இருந்தாங்க."

அழுகை வந்தது. அவர் மேல் இரக்கமும் வந்தது, பொய் சொல்லவில்லை. "இதையும் மேடையில சொல்லுங்க. அது போதும் எனக்கு" என்றேன். சரியென்று தலையாட்டினார்.

நேற்று ஒரு கல்லூரியில் கூட்டம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "என் மனைவி மறைச்சுட்டா" என்று சொல்லி நிறுத்தி, தண்ணீர் குடித்தார். பிறகு பென்குயினைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.